கிணற்றுப் பிள்ளையார்

"...ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லுங்க மாமா, மலைக்குப் போயிட்டாருன்னு வேணாலும் சொல்லுங்க. கிணத்துக்குள்ள இருக்காருன்னு மட்டும் குழந்தைகிட்ட சொல்லாதீங்க" என்றாள் சித்தி, கதவுக்குப் பின்னால் நின்றபடி. பெரியப்பாவிடம் அவள் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்தி அந்த வருஷம்தான் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனேக்கல் பக்கத்துப் பெண். கொஞ்சினால் கன்னடத்தில்தான் கொஞ்சுவாள். மூன்று வயதுத் தம்பியை, வாடா கண்ணு என்பதுபோல, "பா கந்தா" என்றுதான் கூப்பிடுவாள்.

சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரை எருக்கம்பூ மாலையோடு கொல்லைக் கிணற்றில் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று சாயங்காலம் விட்டதும் தம்பி தரையில் புரண்டு அழுதான். அழுகிற குழந்தையைப் பார்த்தால் பெரியப்பாவுக்குப் பொறுக்காது. "அழாதடா. அவரு எங்கயும் போகல. உள்ள குந்திக்கினு கொழுக்கட்டை தின்னுறாரு. கூப்பிட்டா வருவாரு" என்று தேற்றினார். தம்பி உடனே சிரித்துவிட்டான். அதற்குத்தான் சித்தி அப்படிச் சொன்னாள்.

பெரியப்பாவிடம் எதற்கும் ஒரு பழமொழி தயாராக இருக்கும். "அஞ்சினவன் கண்ணுக்கு ஆகாயமெல்லாம் பேயாம். ஏம்மா, உங்க ஊர்ல கிணறே கிடையாதா? இந்தக் கொல்லையிலதான் நாங்க அத்தனை பேரும் வளர்ந்தோம்" என்றார். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் தூறல் விட்டிருந்தது. பெரியப்பா பின்கட்டில் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். நான் கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், தம்பி உட்காரும் மணையைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், அதை எப்படியோ சாய்த்து வைத்து ஏறியிருக்கிறான். வயிறு கைப்பிடிச் சுவரின் மேல், கால் இரண்டும் அந்தரத்தில். ஒரு கையில் சுண்டல். "பிள்ளையாரே, வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறான்.

கண் விழித்த பெரியப்பா பதறி எழுந்து வாயைத் திறந்தார். சத்தம் வருமுன், அடுக்களையிலிருந்து வந்த சித்தி அவர் முகத்துக்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். அவர் எதிரில் தலை நிமிர்ந்து நிற்காதவள். பெரியப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது.

சித்தி ஓடவில்லை. கோழிக்குத் தவிடு வைக்கப் போகிறவளைப் போல நடந்தாள்.

"கந்தா, பிள்ளையாருக்கு மட்டும்தான் சுண்டலா? சித்திக்கு இல்லையா?"

"உனக்கு நாளைக்கு" என்றான் தம்பி, திரும்பாமலே.

"நாளைக்கு ஊசிப்போயிடுமே. ஒண்ணே ஒண்ணு குடேன்."

அவன் யோசித்தான். கொடுக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். கையைப் பின்னால் நீட்டினான். சுண்டலை வாங்கவேண்டிய கை அவன் இடுப்பை வளைத்துப் பிடித்தது. சுண்டல் கிணற்றுக்குள் சிதறியது.

அலறிக்கொண்டு ஓடிவந்த அம்மாவின் கையில் அவனைக் கொடுத்தாள். பெரியப்பா நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றார்.

சித்தி வாளியை இறக்கி இழுத்தாள். கலங்கல் தண்ணீரும், சேற்றில் தோய்ந்த எருக்கம்பூ மாலையும் வந்தன. குனிந்து தம்பிக்குக் காட்டினாள்.

"பாரு கந்தா. உள்ள யாரும் இல்ல. கரைஞ்சு போயிட்டாரு. மண்ணுதான் மிச்சம்."

விட்ட பிள்ளையாரை வெளியே எடுப்பது பாவமில்லையா என்று நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்ணீரையும் மாலையையும் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டிவிட்டு, சித்தி இன்னொரு வாளி இறைத்தாள். அந்த ஈரக் குளிரில், கட்டிய புடவையோடு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிள்ளையார் கரைந்த தண்ணீரில் குளித்தால் புண்ணியம்போல என்று நினைத்தேன். வாளி காலியான பிறகும், முகத்தைப் பொத்திக்கொண்ட அவள் தோள் வெகுநேரம் குலுங்கியது. குளிர்கிறது போலிருக்கிறது என்று, துண்டு எடுத்துவர உள்ளே ஓடினேன்.