ஆர்லிஸின் மூலையில் பதின்மூன்று பேர்

ஆர்லிஸ் டியாடன் பழைய டென்னிஸ் பந்துகளைக் காய்கறிக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தாள். பெருக்கல் குறிபோல ஒரு கீறல் போட்டு, மடக்கு நாற்காலியின் காலில் வைத்து அழுத்தித் திருகினால் பந்து கச்சிதமாக ஏறிவிடும். முதியோர் இல்லத்தில் முப்பத்தெட்டு வருஷம் பார்த்த வேலையில், கிழவர்கள் பிடித்து நடக்கும் நடைச்சட்டங்களின் கால்களுக்கு இப்படி எத்தனையோ பந்து மாட்டியிருக்கிறாள். எட்டு நாற்காலிக்கு முப்பத்திரண்டு பந்து. கீறல் விழும் என்று, அது இல்லாமல் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் பலகைத் தரையில் ஒரு நாற்காலியையும் வைக்க விடமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கேதான் கட்சிக் கூட்டம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் கட்சி யாரை நிறுத்தலாம் என்று அயோவா மாநிலத்துக்காரர்கள்தான் முதலில் சொல்வார்கள். அதுவும் சீட்டுப் போட்டு அல்ல. பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும், தலை எண்ணுவார்கள். முதல் எண்ணிக்கைக்குப் பிறகு அரை மணி நேரம் ஆட்கள் மூலை மாறலாம்; அதற்குள் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும்.

ஆர்லிஸின் ஆள் ரமோனா எஸ்குதேரோ, தெற்கே ஒரு மாநிலத்தின் ஆளுநர். டிவியில் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் ஒரு மாதமாகப் பாடுவது ஒரே பாட்டுத்தான்: ஸ்பானிஷ் பெயர் உள்ள பெண்ணுக்கு வெள்ளைக்காரக் கிராமத்தில் ஆள் சேராது. இந்த ஒரு மூலை கலைந்தால்கூட, நாங்கள் சொன்னோமே என்பார்கள். அந்த வார்த்தையைத் தன் ஊரைக் காட்டிச் சொல்ல விடக்கூடாது என்பதுதான் ஆர்லிஸின் பிடிவாதம்.

ஏழரைக்கு முதல் எண்ணிக்கை முடிந்தது. வந்தவர்கள் எண்பத்து நான்கு பேர்.

"எஸ்குதேரோ பத்து," என்றார் கூட்டத் தலைவர். "பதிமூணு வேணும், ஆர்லிஸ். அரை மணி நேரம் இருக்கு."

எதிர்மூலையில் கேமரா விளக்குகள் எரிந்தன. கூட்டமும் அங்கேதான். அந்த வெளிச்சத்தின் நட்டநடுவில், எந்த மூலையிலும் சேராமல், டெல்மர் வாண்டர்பிளக் நின்றிருந்தார்.

எழுபத்தாறு வயது டெல்மர் இந்தக் குளிர்காலத்தில் ஊரிலேயே பிரபலமானவர். 'இன்னும் முடிவு பண்ணலை' என்று ஒரு நிருபரிடம் தெரியாத்தனமாகச் சொன்னார். மறுநாள் மூன்று நிருபர்கள் வந்தார்கள். முடிவு செய்தவர்களை ஒருவரும் சீண்டுவதில்லை, முடிவு செய்யாதவருக்குத்தான் மரியாதை என்று புரிந்துகொண்டவர், நவம்பரிலிருந்து முடிவே செய்யவில்லை. டிவியில் அவர் பெயருக்குக் கீழே 'விவசாயி' என்று போடுவார்கள். டெல்மர் ஒருநாளும் உழுததில்லை. டிராக்டர் உதிரிப்பாகக் கடையில் கல்லாவில் இருந்தவர்.

ஆர்லிஸ் யாரையும் கூவி அழைக்கவில்லை. நாற்காலிகளைத் தன் மூலையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாகப் போட்டாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினாள். கூடத்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். முக்கால் மணி நேரமாக நிற்கிறார்கள். எந்த முழங்கால் எப்போது முனகும் என்று அவளுக்குத் தெரியும்.

கலைந்துபோன ஒரு செனட்டரின் மூலையிலிருந்து ஃபிரெரிக்ஸ் சகோதரிகள் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"உக்காந்தா உன் கணக்குல சேத்துடுவியா?" என்றாள் மூத்தவள்.

"உக்காரு. மனசு வந்தா சேரு. வராட்டி காபி குடிச்சிட்டுப் போ."

"இனிப்பு இருக்கா?"

"இருக்கு. உனக்குக் கிடையாது. சர்க்கரையை ஏத்திக்காதே."

"இவ ஆள் ஜெயிச்சா நாட்டுக்கே பத்தியச் சாப்பாடுதான் போ," என்று தங்கை சிரித்தாள். இருவரும் எழுந்திருக்கவில்லை. ஆக, பன்னிரண்டு.

பத்து நிமிடம் இருக்கும்போது டெல்மர் காலை மாற்றி மாற்றி நின்றார். பிறகு கழிப்பறைப் பக்கம் நொண்டி வந்தார். திரும்பும்போது ஆர்லிஸ் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

"உக்காரு, ஹீரோ."

உட்கார்ந்தார். "அந்தப் பொம்பளைகிட்ட அப்படி என்னத்தக் கண்டே? பொம்பளைக்குப் பொம்பளையா?"

"ஆகஸ்ட்ல நம்ம இல்லத்துக்கு வந்தா. கேமரா எல்லாம் திருவிழாவுல வேற எவனோ வேட்பாளர் சோளக்கதிர் தின்னறதைப் படம் எடுக்கப் போயிருந்துச்சு. பூல்மன் கிழவியைத் திருப்பிப் படுக்க வைக்க எனக்கு ஒரு ஆள் குறைஞ்சுது. கோட்டைக் கழட்டிட்டு வந்தா. கையைப் பிடிச்சு இழுக்கலை, டெல்மர். விரிப்பைச் சுருட்டிப் பிடிச்சா, தன் முழங்காலை மடக்கினா, கிழவிகிட்ட சொல்லிட்டுத் திருப்பினா. அவ அம்மாவை ஆறு வருஷம் பாத்திருக்கா. வீட்டுல நோயாளியைப் பாக்கறவங்களுக்குச் சம்பளம் வேணும்னு அவ பேசறதை எந்த டிவி காட்டுச்சு?"

டெல்மர் அவள் கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். "வீட்டுல படுத்திருக்கற என் பொண்டாட்டி ஃபெர்னை நான் தோளைப் பிடிச்சுத்தான் தூக்குவேன். கத்துவா."

"தெரியும். யாரும் உனக்குச் சொல்லிக் குடுக்கலை."

"இன்னொரு கப் ஊத்து," என்றார். "நான் இங்கேயே இருக்கேன்."

"பதிமூணு!" என்று தலைவர் கத்தினார். ஃபிரெரிக்ஸ் சகோதரிகள் இடுப்பை மறந்து குதித்தார்கள். விளக்கு வெளிச்சம் அப்படியே திரும்பி இந்த மூலைக்கு ஓடி வந்தது.

"ஐயா, ஒரு விவசாயியா நீங்க ஏன் இவங்களைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று நிருபர் மைக்கை நீட்டினாள்.

"டிராக்டர் பார்ட்ஸ் வித்தவன்மா நான். ரெண்டு மாசமாச் சொல்றேன், ஒருத்தரும் எழுத மாட்டேங்கறீங்க. முட்டி வலிச்சுது, நாற்காலி போட்டாங்க. வந்து உக்காந்தப்புறம்தான் விஷயத்தைக் கேட்டேன்."

கூடமே சிரித்தது. இரவுச் செய்தியில் 'விவசாயிகள் மனம் மாறினர்' என்று வந்தது. ஆர்லிஸ் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு டிவியை அணைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, இரவல் வாங்கிய நாற்காலிகளைத் தேவாலயத்தில் சேர்க்க வேண்டும். ஒன்பதுக்கு அங்கே தையல் வகுப்பு. டிவி வண்டிகள் விடிவதற்குள் அடுத்த மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டன. டெல்மர் தானாகவே வந்து நின்றார்.

"போன் அடிக்கவே இல்லை, ஆர்லிஸ்."

"முடிவு பண்ணிட்டியே, இனி எவன் அடிப்பான்? அந்த நாற்காலியை எடு. முதுகை வளைக்காதே! முழங்காலை மடக்கு."

டெல்மர் முழங்காலை மடக்கித் தூக்கினார்.