கூப்பிடாத வீட்டுக்கு ஒரு மாலை

ஒக்டோபர் விடுமுறையில் என் வகுப்பில் பாதிப்பேர் கடலுக்குப் போனார்கள். நான் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகருக்கு அப்பால், சோளம் வெட்டி முடிந்த வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய ஊருக்குப் போனேன். சம்பளமில்லாமல் ஊருக்காக உழைப்பவர்களைப் பார்த்து எழுதவேண்டும் என்பது சமூகவியல் ஆசிரியை எங்களுக்குக் கொடுத்த வேலை. அந்த ஊரில் என் சித்தியும் சித்தப்பாவும் வீடு வாங்கி நான்கு வருடமாகிறது. கிராம வாழ்க்கை பற்றி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் எடுத்துப் பையில் வைத்தேன். ஒன்றையும் திறக்கவில்லை. தோள்வலி மட்டும் மிச்சம்.

செவ்வாய் காலை 8.10க்கு வுப்பர்டாலில் புறப்பட்டேன். தண்டவாளத்தில் வேலை நடந்ததால் ஹாகன் வரை ரயிலுக்குப் பதில் பேருந்து. அதில் நின்றுகொண்டே போனேன். ஹாகனிலிருந்து மூன்ஸ்டருக்கு ரயில், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் ஐம்பத்தைந்து நிமிடம். இதுவரைக்கும் பள்ளி மாதச்சீட்டே போதும். கடைசி ஏழு கிலோமீட்டருக்குத்தான் தனியாக ஒன்றரை யூரோ கொடுத்து பூர்கர்பஸ் எடுக்கவேண்டும். எட்டு இருக்கைகள் கொண்ட அந்தச் சிறிய வண்டியை ஊரவர்களே முறைவைத்துச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் வரும், சனி ஞாயிறில் வரவே வராது. ஒரு வண்டியை நான்கு நிமிடத்தில் தவறவிட்டு, கூரையில்லாத தரிப்பிடத்தில் மழையில் நின்றேன். அடுத்ததில் ஏறும்போதே பாதி உயிர் போயிருந்தது.

ஓட்டியவர் நோர்பெர்ட், ஓய்வுபெற்ற தச்சர். பயணி நான் ஒருத்திதான். எந்த வீட்டுக்கு என்று கேட்டார், சொன்னேன். இரண்டு வளைவு தாண்டியதும், அந்த வீட்டார் மாலை கட்டப்போகிறார்களா இல்லையா என்று கேட்டார். எந்த மாலை என்று நான் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

அவர் சொன்னது இது. சித்தி வீட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் ஹைன்ஸ் ஐயாவும் கெர்டா அம்மாவும் கல்யாணம் கட்டி வரும் சனிக்கிழமையோடு ஐம்பது வருடம். இந்தப் பக்கத்தில் அப்படியொரு நாள் வந்தால் தெருவார் சேர்ந்து ஊசியிலைக் கிளைகளால் நீள மாலை கட்டி, கடதாசிப் பூ வைத்து, அந்த வீட்டு வாசலைச் சுற்றித் தொங்கவிடுவார்கள். அதைத் தொடங்கி வைப்பது முதல் அயலவரின் கடமை. அந்தக் கடமை ஆளோடு போவதில்லை, வீட்டோடு வருகிறது. சித்தி வாங்கியதுதான் ஹைன்ஸ் வீட்டுக்கு முதல் அயல் வீடு. விற்றவர் சொல்லியிருப்பார் என்று தெருவார் நம்பினார்கள். அவர் சொல்லவில்லை. நினைவூட்டினால் குறை சொல்வதுபோல ஆகிவிடும் என்று மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. முதல் அயலவர் இருக்க இன்னொருவர் தொடங்குவதும் அழகில்லை.

“நாளைப் பின்னேரத்துக்குள் வந்து சொல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்கு மாற்றிவிடுவோம்,” என்றார் நோர்பெர்ட். “மாற்றினால் மாற்றினதுதான். பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பாது.”

தோளிலிருந்து பையை இறக்காமலே சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கர். இந்த ஊரும் கத்தோலிக்க ஊர்தான். நான்கு வருடமாக ஞாயிறு பூசையில் ஹைன்ஸ் தம்பதிக்குப் பின்னாலுள்ள வாங்கில் இருக்கிறார். பொன்விழா அறிவிப்பைக் கோயிலில் கேட்டு, அழைப்பு வரும் என்று சேலைகூட மினுக்கி வைத்திருந்தார்.

“கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடிப் பிள்ளை போறது?” என்றார். “எங்களை வேண்டாமெண்டு விட்டிட்டினம் எண்டெல்லோ நினைச்சனாங்கள்.”

சித்தப்பா பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். அப்போதுதான் நித்திரையால் எழும்பிச் சோற்றுக் கோப்பையோடு இருந்தார். “நாலு வருசமாய் ஒருத்தரும் எங்கட மணியை அடிக்கேல்லை. இப்ப மாலை வேணுமாம். எனக்கு ஏலாது,” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். நான் என் பையை மேல்மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

புதன் காலை ஒன்பதரைக்கு, வேலை முடிந்து வந்து படுத்திருக்கவேண்டிய மனிதர், மா ஒட்டிய ஜாக்கெட்டோடு வாசலில் நின்றார். “பிள்ளை, வெளிக்கிடு,” என்றார். மாலை கட்டுவதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாதாம், வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டுமாம். அதை அவர் எங்கே கேட்டு அறிந்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

செய்தி கொண்டு வருபவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னக் கிளாஸ் சாராயம் கொடுப்பது வழக்கம். சித்தப்பா குடிப்பதில்லை. முதல் வீட்டில் வேண்டாம் என்றதும் அந்த மனிதரின் முகம் விழுந்துவிட்டது. இரண்டாம் வீட்டு அம்மா கெட்டிக்காரி, சின்னப் போத்தலில் ஊற்றி அவருடைய பையில் வைத்துவிட்டார். அந்தச் செய்தி எங்களைவிட வேகமாக நடந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் போத்தல் தயாராக இருந்தது. திரும்பி வரும்போது சித்தப்பா அடியெடுத்து வைக்கும் இடமெல்லாம் கிணுகிணுத்தது.

“மாலை சொல்லப் போனனீங்களோ, தவறணைக்குப் போனனீங்களோ?” என்று கேட்டார் சித்தி. சித்தப்பா போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார்.

வியாழனும் வெள்ளியும் நோர்பெர்ட்டின் களஞ்சியத்தில் கழிந்தன. குளிர் காலடியிலிருந்து ஏறியது. ஆண்கள் கிளைகளைக் கயிற்றோடு சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். பெண்களோடு சேர்ந்து நான் மஞ்சள் கடதாசியில் ரோசாப்பூச் செய்தேன். முதல் பத்துப் பூ செய்யும்போது ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு கை மட்டும்தான் வேலை செய்தது. பூவைக் கிளையில் செருகும்போது விரலில் ஒட்டிய பிசின் சவர்க்காரத்துக்குப் போகாது. மாஜரீன் பூசித் தேய்க்கவேண்டும் என்று நோர்பெர்ட்டின் மனைவி காட்டித்தந்தார்.

தேய்த்துக்கொண்டே அவர் சித்தியிடம் ஒன்று சொன்னார். உங்கள் வீட்டு யன்னல் அடைப்புகள் பகல் முழுக்க இறங்கியே இருக்கும். யாரோ இரவு வேலை செய்து தூங்குகிறார்கள் என்று தெரியும். அதனால்தான் இத்தனை காலமும் ஒருவரும் மணியடிக்கவில்லை. சித்தி நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டிருக்கவேண்டும். கட்டிக்கொண்டிருந்த கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார், அவ்வளவுதான்.

வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு மாலையைத் தோளில் சுமந்துகொண்டு போனோம். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளேயே இருந்து, ஒன்றும் தெரியாததுபோல நடிக்கவேண்டும். முதல் அயலவர்தான் ஏறி முதல் ஆணி அடிக்கவேண்டும். ஆனால் சித்தப்பாவிடம் ஏணி இல்லை. என்னிடம் இருக்கிறது என்று நோர்பெர்ட் சொல்லி முடிப்பதற்குள், மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத என் சித்தப்பா மிகக் கிட்ட இருந்த கதவின் மணியை அடித்துவிட்டார். அது ஹைன்ஸ் ஐயாவின் கதவு.

தெருவே அசையாமல் நின்றது. ஹைன்ஸ் ஐயா திறந்தார். ஏணி ஒன்று தருவீர்களா என்று சித்தப்பா கேட்டார். ஐயா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மாலையோடு நின்ற எங்கள் எல்லோரையும் பார்க்காமல் விட்டார். ஏணியைக் கொண்டுவந்து, யன்னல் துடைக்கவா என்று கேட்டார்.

“ஓம்,” என்றார் சித்தப்பா, தமிழிலேயே.

கதவு மூடியது. மாலையின் மறுமுனையில் யாரோ சிரிப்பை அடக்க, கிளைகள் குலுங்கின. உடனே கதவு மறுபடி திறந்தது. ஹைன்ஸ் ஐயா ஒரு சுத்தியலையும் ஒரு தகரப்பேணி ஆணியையும் நீட்டினார். வாசலைச் சுற்றி அளவெடுத்ததுபோல எல்லா ஆணியும் ஒரே நீளம். அவர் எவ்வளவு நாளாக அவற்றை எடுத்து வைத்துக் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது.

விருந்து சனிக்கிழமை. பொன்விழாத் தம்பதிக்கு அடுத்த மேசையில் சித்தப்பா இருந்தார். இனிப்பு வருமுன்னே இருந்தபடி தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை.

இப்படி ஒரு ஊருக்குப் போக நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கிழமை நாளில் போங்கள், இல்லாவிட்டால் கடைசி ஏழு கிலோமீட்டரும் நடைதான். பழைய உடுப்பும் கையுறையும் கொண்டுபோங்கள், புத்தகம் ஒன்றே போதும். யாராவது கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். அவர்களும் உங்களுக்காகக் காத்திருக்கலாம். ஆசிரியைக்கு இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை, விரல்கள் வலிக்கின்றன.

ஞாயிறு பூர்கர்பஸ் இல்லாததால் சித்தப்பாதான் மூன்ஸ்டர் வரை காரில் கொண்டுவந்து விட்டார். பாதித் தூரத்தில், சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்:

“செத்தவீட்டுக்கும் நாங்கள்தானாம். பெட்டியை முன்னுக்குத் தூக்கிறது முதல் அயலாம்.”

விளக்குப் பச்சையானது. கியரைப் போட்டார்.

“ஒரு கறுப்புக் கோட்டு வேண்டோணும்,” என்றார். “அவசரமில்லை.”