கன்னிமூலை பீரோவை நகர்த்திய பாக்கியம் நர்ஸ்

"அண்ணே, பாக்கியம் நர்ஸக்கா தவறிட்டாங்களாம்" என்று தங்கை போனில் சொன்னபோது அன்னவாசல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். வந்த பஸ்ஸில் ஏற மனமில்லை. இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவர் அவர். மீதிப் பேர் ஊசிக்குப் பயந்து இலங்கைக்கு நீந்திப் போனவர்கள். வழக்கம்போல அளந்துவிடுகிறேன், ஆனால் இன்று அதில் ருசியில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டுக்குள் வந்தால் உட்காரமாட்டார். மோந்து பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வருவார்.

என் தங்கை மகள் காவ்யாவுக்கு ஆஸ்துமா. மழை பிடித்தால் நெஞ்சு விசிலடிக்கும், விலா உள்வாங்கும். ஊதக்காற்று ஆகாதென்று ஜன்னல்களை அடைத்தோம், ஈரத்துணியை உள்ளேயே கொடிகட்டிக் காயப்போட்டோம், போதாக்குறைக்குச் சாம்பிராணியும் போட்டோம். எமதர்மனுக்கு இப்படியொரு ராஜ வரவேற்பை எந்தச் சக்கரவர்த்தியும் கொடுத்ததில்லை.

பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டிப் புகை மருந்து வைத்துக் கூட்டிவந்த மறுநாள் நர்ஸம்மா வந்தார்.

"என்னாங்க, வீடு நனைஞ்ச சாக்கு மாதிரி வீசுது" என்றவர், காவ்யாவின் கட்டிலை ஒட்டி நின்ற பீரோவைக் காட்டினார். "இத நகத்துங்க."

தங்கைக்கு நான் சீர் கொடுத்த பீரோ அது. தென்மேற்குக் கன்னிமூலையில் வைத்த பீரோ அசைந்தால் குடும்பமே ஆடிப்போகும் என்பது மாப்பிள்ளையின் அரச சாசனம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் என்பதை எந்தச் சாசனமும் சொல்லவில்லை.

"கன்னிமூலைங்க அது" என்றார் மாப்பிள்ளை.

"இருக்கட்டுமே. லெட்சுமி கோவிச்சுக்கிட்டு குளத்தூர் பஸ் ஏறிட்டா நான் போயிக் கூட்டியாரேன். புள்ள மூச்சு போச்சுன்னா யாரு போயிக் கூட்டியாரது?"

முதலில் காவ்யாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். பிறகு நானும் மாப்பிள்ளையும் தள்ளினோம். சித்தன்னவாசல் குன்றைத் தள்ளியிருந்தால் சுலபமாக நகர்ந்திருக்கும். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அதன் பக்கம்தான் பிள்ளை தலைவைத்துப் படுத்திருந்தாள்.

"ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சா மறைஞ்சிரும்ங்க" என்றார் மாப்பிள்ளை.

"மறையும், போகாது. மொதல்ல குழாய் ஒழுக்க அடைங்க. வெளக்கமாத்தால தட்டிறாதீங்க, தூளு பறக்கும். மூக்குல துணியக் கட்டிக்கிட்டு சோப்புத் தண்ணியில தொடச்சு, காத்தாட விடுங்க. செவுரு சரியாயிருச்சுன்னு டாக்டரு குடுத்த மூச்சு பம்ப்ப நிறுத்திறாதீங்க."

இழுப்பு அடியோடு போய்விடவில்லை. குறைந்தது. அடுத்த மழைக்கு ஆஸ்பத்திரி ஓட்டம் இல்லை. அதற்கு நன்றி சொல்லப் போனால், "என்னையப் பாக்க வந்த நேரத்துக்கு அந்த ஜன்னலத் தெறந்து வச்சிருக்கலாம்" என்றார்.

அவரது அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் மழைக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கினேன். காபி வந்தது. உள்ளே ஒரு குழந்தை இருமியது. குடித்துவிட்டுப் பேசாமல் கிளம்பியிருக்கலாம், அவ்வளவு அலுப்பு.

"புள்ள எங்கிட்டுப் படுக்குது?" என்று கேட்டேன்.

நர்ஸம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். மரியாதை தெரியாத மாமன் என்று சொல்லிக்கொள்ளட்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் காட்டிய அறைக்குள் போனேன்.