பந்தியில் ஒரு தலை கூடுதல்

கல்யாண வீட்டில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று அரசாங்கம் சொன்ன காலத்தில்தான் என் கல்யாணம் நடந்தது. எழுபதுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு. விருந்துக்கு இத்தனை பேர்தான். மீறினால் வழக்கு, அண்டா குண்டா பறிமுதல். சிலமலையில் ஊரையே கூட்டிச் சோறு போட்டுப் பழகிய அப்பா, சொந்த மச்சான்களைக்கூடக் கழித்துவிட்டு, அனுமதித்த எண்ணிக்கைக்குச் சரியாக ஆட்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் இலை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அது அக்காவுக்கு. கன்னியாக இறந்தவளுக்கு இலை போடாமல் எங்கள் வீட்டில் பந்தி தொடங்காது. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வாந்திபேதி கண்டு, ஜீப்பில் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கும்போது, வளைவுக்கு வளைவு அவள் தண்ணீர் கேட்டாள். பேதிக்குத் தண்ணீர் ஆகாது என்று அம்மா கொடுக்கவில்லை. அன்று எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். போடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன் அக்கா போய்விட்டாள். அம்மா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

பாயசம் வரும் நேரத்தில் அதிகாரி வந்தார். வெளியூர்க்காரர். வரிசையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒரு ஆள் கூடுதலா இருக்கு. எழுப்பிவிடுங்க, நான் கேஸ் எழுதலை."

அப்பா பதறிப்போய் அக்காவின் இலையை எடுக்கக் குனிந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மகளப் பந்தியிலருந்து எழுப்புவீகளா?"

அக்காவுக்குப் பதிலாக நான் எழுந்துவிட்டேன். மணப்பெண் பாதிச் சோற்றில் எழக்கூடாது என்று யாரோ முனகினார்கள். முனகட்டும்.

அப்பா அதிகாரியைக் கும்பிட்டார். "ஐயா, இலைய எண்ணிப்புட்டீக. அந்த மொத இலைக்கு ஆள் கெடையாது."

"இலையை யாரு எண்ணினா? தலையைத்தான் எண்ணினேன்." அவர் முதல் இலைப் பக்கம் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். "அந்தத் தாவணிப் பிள்ளைக்கு முதல்ல தண்ணி குடுங்க. நான் வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் காதுல வாங்கல."

எல்லா இலைக்கும் பக்கத்தில் தம்ளர் இருந்தது. அக்கா இலைக்கு நாங்கள் ஒருநாளும் தண்ணீர் வைத்ததில்லை.

அம்மா செம்போடு ஓடி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"குடி ஆத்தா, எம்புட்டு வேணுமோ குடி."

சொல்லிக்கொண்டே செம்பைக் கவிழ்த்தாள். சிமெண்டுத் தரை. தண்ணீர் என் காலடிக்கு ஓடிவரும் என்று புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஒதுங்கி நின்றேன். வரவே இல்லை.