ஆயக்குடி வளைவில் ஒரு குட்டி ஹாரன்

சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு வேனில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டியரிங்கில் சித்தப்பா, பக்கத்தில் அப்பா, பின் சீட்டில் அம்மா, பெரியத்தை, இரண்டு பேருக்கும் நடுவில் மடியில் பூத்தட்டோடு நான். எதிரே மொபெட்டில் வந்த பெண்ணின் அப்பாவையும் சேர்த்தால் ஆறு. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அங்கே இல்லாத சொந்தக்காரர்கள்தான் இந்தக் கதையை அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

சித்தப்பா அப்போது கோவாவில், ஆற்றில் இரும்புக்கல் ஏற்றிப்போகும் பார்ஜ் என்ற தட்டைப் படகில் கயிறு இழுக்கிற வேலையில் இருந்தார். வாய்மொழிப் பரீட்சை ஒன்று தேறினால் ஸ்ராங்கு ஆகிவிடலாம், அதாவது பார்ஜை அவரே ஓட்டலாம். லீவில் நாகல் நகர் வீட்டுக்கு வந்தவர், ஆற்றுச் சட்டங்களை என்னிடம்தான் ஒப்பித்தார். எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர்க்காரிக்கு ஆறு என்றால் மணல். அந்த ஆறோ, கடல் ஏறினால் மேலே ஓடுமாம், கடல் இறங்கினால் கீழே ஓடுமாம். எந்தப் பக்கம் போவது என்று ஆற்றுக்கே நிச்சயமில்லை என்றால் அதில் போகிறவர்கள் பாடு என்ன ஆகும்?

வீட்டிலிருந்த செருப்புகள் எல்லாம் சிமெண்டுத் தரையில் படகுகளாயின. ஆற்றில் எல்லோரும் அவரவர் வலப்பக்கக் கரையை ஒட்டிப் போகவேண்டும். குறுகலான வளைவில் ஓட்டத்தோடு வருகிற படகுக்கே முதல் வழி, அதைச் சட்டென்று நிறுத்த முடியாது. ஓட்டத்தை எதிர்த்து வருவது காத்திருக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் ஒரு நீள ஹாரன். பிறகு ஒரு குட்டி ஹாரன் அடித்தால், நான் வலப்பக்கம் ஒதுங்குகிறேன். இரண்டு அடித்தால் இடப்பக்கம். மூன்று அடித்தால் பின்னால் போகிறேன். ஐந்து அடித்தால், நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை.

"அவுங்களுக்கு ஹாரன் கேக்கலைன்னா?" என்றேன்.

"அஞ்சு அடிக்கணும்."

"அஞ்சும் கேக்கலைன்னா?"

"பரீட்சை வைக்கிற ஆபீசரே தேவல பாப்பா. நீ ஆள மூழ்கடிச்சிட்டுத்தான் விடுவ போல."

ஒப்பித்து முடித்ததும் மாடிக்குப் போய், போனில் ஏதோ ஒரு மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார். சில சமயம் சிரிப்பார். அதுவும் பரீட்சைக்குத்தான் என்று நான் நம்பினேன்.

இதற்கிடையில்தான் பங்குச்சாமியார் ஆயக்குடிச் சம்பந்தத்தைச் சொன்னார். கொய்யாத் தோப்புக்காரர்கள். கயிறு இழுக்கிறவனுக்குப் பெண் இல்லை, ஸ்ராங்கு ஆகப்போகிற ஆள் என்றால் வந்து பார்க்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்கு இது நடந்தே ஆகவேண்டும். கோவா போனவன் கோவாவிலேயே தங்கிவிடுவான் என்ற பயம் அவருக்கு. நம் பக்கத்துப் பெண்ணைக் கட்டிவைத்தால் என்றைக்கானாலும் ஊருக்குத் திரும்புவான் என்று நினைத்தார். சித்தப்பாவை அவர்தான் வளர்த்தார். அப்பா எதிரில் சித்தப்பா உட்காரக்கூட மாட்டார். மாட்டேன் என்று ஒருமுறை சொல்லி நான் கேட்டதில்லை. கிளம்பலாமா என்று அப்பா கேட்டதும் போய் வேனை எடுத்தார்.

கோவா போகுமுன் அவர் லோடு வண்டி ஓட்டியவர். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை கோடு போட்டதுபோல இடப்பக்கமே போனார். எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் நான்தான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தோப்புக்குத் திரும்பும் மண்பாதையில், வேலியை ஒட்டி ஒரு வளைவு. சித்தப்பா வேகத்தைக் குறைத்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். எதிரே, பின்னால் இரண்டு கூடை கட்டிய மொபெட் மெதுவாக வந்தது. சித்தப்பா ஒரே ஒரு குட்டி ஹாரன் அடித்தார். பிறகு, பதறாமல், வேனை வலப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார்.

ரோட்டுச் சட்டப்படி அதே ஓரத்தில் வந்துகொண்டிருந்த பெரியவர் வேறு வழியின்றி வேலிக்குள் போனார். அடி ஒன்றும் இல்லை. வேட்டியெல்லாம் மண். கொய்யாப்பழங்கள் உருண்டு வேனுக்கடியில் ஓடின. அப்பா இறங்கிப்போய்த் தூக்கிவிட்டார், முகத்தைப் பார்த்தார், அப்படியே கும்பிட்டார். பெண்ணின் அப்பா.

"ஏனுங்க தம்பி, ரோட்டுல எந்தப் பக்கம் வரோணும்னு தெரியாதுங்களா?"

"ஆத்துல வலது பக்கந்தான் மாமா."

"இங்க எங்கீங்க ஆறு?"

சித்தப்பா அங்கேயே குந்திவிட்டார். ஒரு காயை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார், ஒரு பழத்தை அந்தப் பக்கம் வைத்தார். இது ஓட்டத்தோட வர்ற பார்ஜு, இது எதிர்த்து வர்றது என்று ஒரு சட்டம் பிசகாமல் ஒப்பித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

"ஏலே, எந்திரிடா," என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

பெரியவர் கத்தவில்லை. நசுங்கின பழத்தைக் காலால் ஒதுக்கினார். "பொண்ணு பேச்ச இதோட விட்றலாமுங்க. பழத்துக்கு மட்டும் பாத்துக் குடுத்துருங்க."

அறுநூறு என்று பேசி, அப்பா பையில் இருந்த இருநூற்றைம்பதைக் கொடுத்தார். பெண்ணை நாங்கள் பார்க்கவேயில்லை.

திரும்பும்போது பெரியத்தை கோவாவையும் கடலையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தார். நான் அழுதேன். வலது, வலது என்று கேட்டுக்கேட்டு அவர் மண்டையில் நான்தான் ஏற்றிவிட்டேன், இனி பரீட்சையிலும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். டீக்கடையில் நிறுத்தியபோது சித்தப்பா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அழாத பாப்பா. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த." வீடு வரை இடப்பக்கமே ஓட்டினார், ஒரு இடத்திலும் பிசகவில்லை. சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

பரீட்சையும் தேறினார். அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கோவாக்காரச் சித்தியோடு வந்து வாசலில் நின்றார். மாடியில் போனில் கேட்ட அந்த மொழியைச் சித்தி பேசினார். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சித்தி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டார்.

நான் பத்தாவதோடு நின்றுவிட்டு, இப்போது நாகல் நகரில் ஆட்டோ ஓட்டுகிறேன். இன்றைக்கும் எதிரே வண்டி வந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். கவனம் பிசகிப் பக்கம் மாறிப்போனது எனக்கும் உண்டு. மாறிய பிறகுதான், ஐயோ என்று கை ஹாரனுக்குப் போகும். சித்தப்பா ஹாரனை முதலில் அடித்தார், பிறகுதான் திருப்பினார். என்ன செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தார். அந்த வேனில் அந்த ஹாரனுக்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அர்த்தம் தெரிந்தும், அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

பழக் காசை நீ கொண்டுபோய்க் கொடு என்று அப்பா இன்னும் சொல்கிறார். பேசி முடித்தது அண்ணன்தானே என்கிறார் சித்தப்பா. அந்த வளைவுக்குப் போக இரண்டு பேருக்குமே முகம் இல்லை. பாக்கி முந்நூற்றைம்பது ரூபாய்.