வெள்ளையாக ஒன்றும் கொடுக்காதவர்

பரிசோதனைத் தாளில் எண் மட்டும் போதாது என்று எனக்கு உறைத்தது, பாளையங்கோட்டை ஆய்வகத்தில் பயிற்சியில் இருந்தபோது வந்த ஒருவரால். ஒடிசலான மனிதர். மடியில் துவண்டு கிடந்த மகளின் நகத்தை அழுத்தி அழுத்தி, சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“காய்ச்சல் விட்டுட்டு, தம்பி. ரத்தத்துல வெள்ளை அணுதான் கூடிருக்காம், மறுபடி பாக்கணுமாம். அதான் சோறு, பாலு, மோருன்னு வெள்ளையா ஒண்ணும் குடுக்கல. கேப்பக் களியும் பீட்ரூட்டுந்தான். மோருக்குக் கெடந்து அழுதா.”

“அண்ணாச்சி, அது கிருமியோட சண்டை போட வந்த அணு. காய்ச்சலுக்கு அப்புறம் பெரும்பாலும் பையக் குறையும். குறையலன்னா டாக்டர் மேக்கொண்டு பாப்பாரு. சாப்பாட்டு நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“அப்ப சும்மாவா பிள்ளையப் பட்டினி போட்டேன்?”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல, “ரத்தம் எடுத்ததும் மோரு குடுக்கலாம்லா?” என்றார்.

அவள் அணுக்கள் குறைந்தனவா, தெரியாது. அன்று முதல் ஊசியை எடுக்குமுன், சாப்பாட்டில் எதையாவது நிறுத்திவிட்டீர்களா என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.