மாமாவின் தௌஃபூ வைத்தியம்

சென்னைப் பாண்டி பஜார் கடையில் தௌஃபூ கேட்டால் நலம் விசாரிக்கிறார்கள். இங்கே அந்தச் சோயாக் கட்டிக்குப் பெயர் டோஃபு. "யாருக்கும்மா ஒடம்பு? சுகரா, கொலஸ்ட்ராலா?" என்றார் கடைக்காரர். "யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே, சாப்பிடத்தான்" என்றேன். நம்பவில்லை. "அந்தாண்ட கீது பாரு, ஓட்ஸ் பக்கத்துல. கவலப்படாத, சரியாப் பூடும்" என்று ஆறுதல் வேறு. மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வரும் சாமான், இங்கே ஏதோ சீக்காளி போல அலமாரியில் ஒதுங்கிக் கிடக்கிறது.

பள்ளி விட்டு வரும்போது தௌஃபூ ஃபா என்ற சூடான, குழைந்த தௌஃபூவில் வெல்லப்பாகு ஊற்றி உறிஞ்சுவோமே, அது உடம்புக்கு நல்லது என்று நம்மிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் தொட்டிருக்கவே மாட்டோம். அம்மா தௌஃபூவை மிளகாயும் புளியும் சேர்ந்த சம்பலில் பிரட்டுவார், சோயாபால் வாங்கி வைப்பார், யாரும் புரதத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. கல்யாணமாகிக் கோபாலபுரம் வந்த பிறகுதான், பிறந்ததிலிருந்து நான் தின்றதெல்லாம் பத்தியச் சாப்பாடு என்று தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, தி. நகரில் ஜவுளிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஆட்டுக்கறி இல்லாத ஞாயிறு அவர் கணக்கில் ஞாயிறே இல்லை. கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது, கறியைக் குறைத்து சோயா சேருங்கள் என்று டாக்டர் சொன்னதில் பின்பாதி மட்டும் அவர் காதில் விழுந்தது. கல்யாண வீடுகளில் மீல்மேக்கர் பிரியாணியைக் கேட்டுக் கேட்டு வாங்குகிறவர், அதுவும் சோயாதான் என்றால், "போம்மா, அது மீல்மேக்கர்லா" என்பார்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. நான் பிறந்த வீட்டுச் சாப்பாடு இந்த வீட்டுத் தட்டில் ஏறவேண்டும். அத்தையின் அடுப்பில் என் சம்பல் சட்டி ஏறிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா என்ன செய்தார்? கறிக்குழம்பை வழக்கம்போல் ஒரு பிடி பிடித்தார். கடைசியில் கொஞ்சம் தௌஃபூவை வாயில் போட்டு, கண்ணை மூடித் தண்ணீரோடு விழுங்கினார். "உள்ள போன கொழுப்ப இது பாத்துக்கிடும்" என்றார். நல்லாயிருக்கா மாமா என்று கேட்டால், "அதுக்கென்ன, உடம்புக்கு நல்லதுதான?" வாராவாரம் இதே கூத்து.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் இன்னும் ஏறியிருந்தது. "இந்த மலேசியாக் கட்டி நமக்குச் சேரல போல" என்றார் அத்தை. எனக்கு வந்ததே கோபம்! அந்த ஆட்டின் மேல் பழி போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. "மாமா, இது மருந்து இல்ல, சாப்பாடு. கறியத் தின்னுட்டு மேல இதப் போட்டா, கரைக்கறதுக்கு இதென்ன ஆசிட்டா? கறிக்குப் பதிலா சாப்பிடுங்க. புரதமும் கிடைக்கும், கறிக்கொழுப்பும் உள்ள போகாது, கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறையலாம். அவ்ளோதான் இதால முடியும். இல்லன்னா பாவம், இத விட்டுருங்க." சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அந்த ஞாயிறு மாமா கறிக்கடைக்குப் போகவில்லை. "உங்க ஊர்ல எப்படிச் சாப்பிடுவியளோ, அப்படியே வையி தாயி" என்றார். சம்பலைச் சோற்றில் பிசைந்தார். அவர் தௌஃபூவை மென்று பார்த்ததே அன்றுதான். சட்டென்று முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, உப்பே பத்தல? புளியும் இன்னும் கொஞ்சம் விடணும்."

எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது. மாத்திரைக்கு யாராவது உப்புப் பார்ப்பார்களா?

சாயங்காலம் ஈப்போவுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னாடி, என் சம்பல்ல உப்பு கம்மியா? இத்தன வருஷம் நீ திங்கல?"

"அதில்லம்மா, எங்க வீட்டுல எப்பவுமே உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவோம்" என்றேன்.



"எந்த வீட்டுல?" என்று கேட்டார் அம்மா.